பாண்டியன் பரிகளும் போடிமலைப் பொதிக்குதிரைகளும்

போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணிக்குச் சென்றிருக்கிறீர்களா? அங்கிருந்து மேலே, சாலை எட்டாத மலைச் சிற்றூர்களுக்கு அரிசியும் உப்பும் குதிரை முதுகில் ஏறின. ஏலக்காயும் காப்பிக்கொட்டையும் குதிரை முதுகில் இறங்கின. இன்றும் அச்சரிவுகளில் பொதிக்குதிரைகளைக் காணலாம்.

அடுத்த முறை அவற்றுள் ஒன்றைக் கண்டால் அதன் மேனியை உற்று நோக்குங்கள். மயிர் படிந்து மினுமினுக்கிறதா? அல்லது சிலிர்த்து வெளிறியிருக்கிறதா? அது உண்ட தீனியையும் பெற்ற பராமரிப்பையும் அதன் மேனியே சொல்லிவிடும். குதிரைக்கு எது தீனி என்பதை அறியாததால் பெரும் பொருள் அழிந்த வரலாறு நம் பாண்டிய நாட்டிலேயே உண்டு.

கடல் கடந்து வந்த குதிரைகள்

நரியைப் பரியாக்கிய கதையை அறிவீர்கள். குதிரை வாங்கக் கொண்டுசென்ற அரசாங்கப் பொன்னை வாதவூரர் கோயில் திருப்பணியில் செலவிட்டார் என்பது கதை. பாண்டியனின் பொன் வெளியே சென்றுதான் குதிரையாகத் திரும்பியது என்பது வரலாறு.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரேபியாவிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் காயல் துறைமுகத்துக்குக் குதிரைகள் கப்பலில் வந்தன. ஆண்டுக்கு 1,400 குதிரைகள், ஒன்றின் விலை 220 பொன் தினார் என்று ஓர் ஒப்பந்தம் இருந்ததாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதுகிறார். பெருக்கிப் பாருங்கள்: 3,08,000 தினார்! வழியில் கடலில் இறந்த குதிரைக்கும் அரசாங்கமே விலை கொடுத்ததாம்.

இவ்வளவு கொடுத்து வாங்கிய குதிரைகள் என்ன ஆயின? 1290களில் இங்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டு முடிவதற்குள் அவற்றுள் பெரும்பாலானவை மடிந்தன என்கிறார். சோறும் இறைச்சியும் கலந்து வேகவைத்து ஊட்டினார்கள். லாடம் கட்டவும் நோய் தீர்க்கவும் அறிந்தவர்கள் இல்லை என்பது அவர் கூற்று. வறுத்த வாற்கோதுமையும் வெண்ணெய் சேர்த்த தானியமும் தீனி, காய்ச்சிய பசும்பால் பானம். கொழுக்க வேண்டும் என்று 40 நாள் கொட்டிலில் கட்டிவைத்து, பிறகு பழக்காமலே விரட்டி ஓட்டினார்கள் என்கிறார் வஸ்ஸாப்.

இதில் கொடுமையான நோக்கம் எதுவும் இல்லை. தமக்கு உயர்ந்த உணவு எதுவோ அதையே குதிரைக்கும் கொடுத்தார்கள். பிழை அங்கேதான் நேர்ந்தது.

குடலின் கணக்கு

குதிரை புல்லுண்ணி, ஆனால் மாட்டைப் போல அசைபோடுவதில்லை. அதன் இரைப்பை சிறியது. புல்லின் நார்ப்பொருளை நுண்ணுயிர்கள் நொதிக்கவைப்பது பெருங்குடலிலும் அதன் தொடக்கத்திலுள்ள குடற்பையிலும். ஒரே வேளையில் மிகுதியாக மாவுப்பொருள் உண்டால், சிறுகுடலில் செரிக்காத பகுதி அங்கே சென்று விழும்; லாக்டிக் அமிலம் பெருகும். வயிற்றுவலி வரும், குளம்பின் உள்திசு அழலும். கால் ஊன்ற முடியாத குதிரை ஏறக்குறைய இறந்த குதிரைதான். வெப்பமும் நோயும் இதனுடன் சேர்ந்திருக்கலாம். ஆயினும் மேற்கண்ட தீனியே பெருங்கேடு விளைவிக்கப் போதுமானது.

இந்த அறிவு உலகில் அப்போது இல்லாததன்று. கி.மு. 14ஆம் நூற்றாண்டிலேயே மித்தானி நாட்டுக் கிக்குலி என்பவர், தேர்க்குதிரைக்கு எந்த நாளில் எவ்வளவு தீனி, எவ்வளவு ஓட்டம், எப்போது குளியல் என்று வகுத்துக் கூறியவை களிமண் பலகைகளில் கிடைத்துள்ளன.

மினுமினுப்பின் இயற்பியல்

மேனி ஏன் மினுங்குகிறது? மயிரின் மேற்புறம் ஓட்டுக்கூரை போல அடுக்கிய செதில்களால் ஆனது. செதில்கள் படிந்து, தோலில் சுரக்கும் எண்ணெய் மெல்லிய பூச்சாகப் பரவினால் ஒளி ஒரே ஒழுங்கில் எதிரொளிக்கும். செதில் கிளம்பினாலோ புழுதி படிந்தாலோ ஒளி நாலாபுறமும் சிதறும், மேனி மங்கும். தேய்ப்பதன் பயன் இதுதான்: அழுக்கை நீக்கி, எண்ணெயை மயிரின் நுனிவரை பரப்புவது.

ஆனால் எண்ணெயும் மயிரும் உள்ளிருந்து வர வேண்டியவை. மயிர் கெரட்டின் என்னும் புரதம். அதற்குக் கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் தேவை. செம்பும் துத்தநாகமும் குறைந்தால் நிறமும் தோலும் கெடும். இங்கேதான் நம் கொள்ளின் பெருமை விளங்குகிறது. அதில் ஏறத்தாழ 22 விழுக்காடு புரதம் உள்ளது. பச்சைக் கொள்ளில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் உண்டு. வேகவைத்தால் அவை சிதைகின்றன. கொள்ளில் குறைவாயுள்ள கந்தக அமினோ அமிலத்தைத் தானியம் ஓரளவு ஈடுசெய்கிறது. இருப்பினும் புல்லே முதல் உணவு: உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்காவது உலர்ந்த தீவனம் நாள்தோறும் வேண்டும். 250 கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்கு இது ஏறத்தாழ 4 கிலோ.

மலையேறும் குதிரைக்குத் தேய்ப்பு அலங்காரமன்று. 80 கிலோ பொதி 1,600 சதுர சென்டிமீட்டர் பரப்பில் சமமாக அமர்ந்தால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 50 கிராம்தான் சுமை. சேணத்துக்கடியில் ஒரு சிறு கல் சிக்கட்டும்; அந்த ஒரே புள்ளியில் அழுத்தம் பல மடங்காகிறது. தோல் புண்ணாகிறது, குதிரை முடங்குகிறது, அதை நம்பிய குடும்பத்தின் வருமானமும் நிற்கிறது.

மேலும், 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை குறையும். வியர்வையில் நனைந்து ஒட்டிய மயிரில் காற்றடுக்கு இராது. உடல்வெப்பம் விரைந்து வெளியேறும். அதனால்தான் பொதி இறக்கியதும் வைக்கோற்பிரியால் தேய்த்து உலர்த்துவது நல்ல வழக்கம்.

ஆகவே, வாசகர்களே, மங்கிய மேனியுடைய குதிரையைக் கண்டால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: புல் வயிறாரக் கிடைக்கிறதா? கொள்ளு வெந்ததா? சேணம் வைக்குமுன் முதுகைத் துடைத்தார்களா? அன்பு மிகுதியால் உங்கள் சோற்றுப் பொட்டலத்தை மட்டும் அதற்கு நீட்டிவிடாதீர்கள். பாண்டியன் செய்த பிழையும் அதுவே.