விசுவேசுவரையா, மோட்சகுண்டம்

மோட்சகுண்டம் விசுவேசுவரையா (1861–1962), பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் பொறியாளராகத் தொடங்கி, மைசூர் சமஸ்தானத்தின் திவானாக, அதாவது மன்னருக்கு அடுத்து ஆட்சிப் பொறுப்பு முழுவதையும் ஏற்கும் தலைமை அமைச்சராக, உயர்ந்தவர். இன்றைய சிக்பள்ளாப்பூர் மாவட்டத்து முத்தேனஹள்ளியில் பிறந்து பூனாவில் பொறியியல் பயின்ற அவர், நீர்மட்டம் ஏறினால் தாமே திறந்து, இறங்கினால் தாமே மூடிக்கொள்ளும் வெள்ளக் கதவுகளை வடிவமைத்து 1903இல் கடக்வாஸ்லா அணையில் பொருத்தினார்.

1909இல் மைசூரின் தலைமைப் பொறியாளரான அவர் பெயர், தமிழகத்தில் காவிரியோடுதான் முதன்மையாக இணைகிறது. 1892 ஒப்பந்தப்படி மைசூர் புதிய அணை கட்டச் சென்னை அரசின் இசைவு தேவைப்பட்டது. கண்ணம்பாடி அணைக்கு (கிருஷ்ணராஜ சாகர்) முதற்கட்டமாக 11 டி.எம்.சி. கொள்ளளவுக்கே, அதாவது 1,100 கோடி கன அடி நீரைத் தேக்கவே, இசைவு கிடைத்தும், 41.5 டி.எம்.சி. தேக்கத்தக்க உயரத்தைத் தாங்கும் அகலத்தில் அடித்தளம் போடப்பட்டது. பின்னாளில் உயர்த்துவதற்கு இடம்விட்டுக் கட்டுவது பொறியியல் முறையில் சரியான முன்யோசனையே என்றாலும், தஞ்சைப் பாசனத்தைக் காக்கவேண்டிய சென்னை அரசுக்கு அது ஒப்பந்த மீறலாகத் தோன்றியதில் வியப்பில்லை. 1914இல் வெளிவந்த நடுவர் தீர்ப்பைச் சென்னை ஏற்காமல் மேல்முறையீடு செய்ய, 1924 ஒப்பந்தத்தில்தான் கண்ணம்பாடிக்கு 44.8 டி.எம்.சி.யும் மேட்டூருக்கு 93.5 டி.எம்.சி.யும் என முடிவாயிற்று.

திவானாக இருந்த ஆண்டுகளில் (1912–1918) மைசூர் வங்கியும் 1916இல் மைசூர் பல்கலைக்கழகமும் தோன்றின. பிற்படுத்தப்பட்டோருக்கு அரசுப் பணியில் இடஒதுக்கீடு செய்யும் முயற்சியை, தகுதியே அளவுகோல் என்று கூறி எதிர்த்து அவர் பதவி விலகினார். கல்வி சில சாதியாரிடமே குவிந்திருந்த சமூகத்தில் அந்த அளவுகோல் பழைய ஏற்றத்தாழ்வையே நிலைநிறுத்தும் என்பதை உணராதது அவரது ஆட்சிப்பணியின் பெருங்குறை.

பதவி விலகிய பின்னும் அரசுத் தொழில்களோடு அவருக்கிருந்த தொடர்பு அறுபடவில்லை. நிலக்கரி கிடைக்காத மைசூரில் விறகுக்கரியால் இரும்பு உருக்கும் பத்ராவதி ஆலை 1923இல் இயங்கத் தொடங்கியபோது அதன் தலைமைப் பொறுப்பை ஏற்று, போருக்குப் பிந்தைய விலைவீழ்ச்சியில் நலிந்த ஆலையைச் சீர்படுத்தினார். 1934இல் விசுவேசுவரையா வெளியிட்ட 'பிளான்டு எகானமி ஃபார் இந்தியா' என்னும் ஆங்கில நூல், பத்தாண்டுகளில் தேசிய வருமானத்தை இரட்டிப்பாக்கும் திட்டமொன்றை முன்வைத்தது. இந்தியத் திட்டக்குழு அமைந்தது 1950இல்தான். 1955இல் அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது.