ஏழாண்டு மௌனம்

1868ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜெரார்டு மேன்லி ஹாப்கின்ஸ் என்னும் ஆங்கில இளைஞர் தாம் எழுதிய கவிதைகளைத் தீயிலிட்டார். அப்போது அவருக்கு வயது 23. ஆக்ஸ்ஃபோர்டில் பயின்றவர், 1866 அக்டோபரில், பின்னாளில் புனிதராக உயர்த்தப்பெற்ற நியூமன் அடிகளாரால் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்த்துக்கொள்ளப்பட்டவர். இயேசு சபையின் நவதுறவகத்தில் நுழைய ஆயத்தமாகிக் கொண்டிருந்த அவர், கவிதை தம் அழைத்தலுக்குரிய பணியன்று என்று முடிவு செய்தார். அவ்வாறு செய்யும்படி எவரும் அவருக்குக் கட்டளையிடவில்லை. மேலதிகாரிகள் விரும்பினாலொழிய இனிக் கவிதை எழுதுவதில்லை என்பது அவர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட நோன்பு. நண்பர்களிடம் படிகள் இருந்தமையால் சில பாடல்கள் பிழைத்தன என்பது வேறு செய்தி.

துறவு ஒரு கவிஞனைக் கொன்றது என்று கூறுவோர் இந்நிகழ்ச்சியையே முதற்சான்றாகக் காட்டுவர். அந்த ஏழாண்டுகளில் நடந்தவற்றைப் பொறுமையாக நோக்கினால் இக்கூற்று நிலைக்காது என்பது நம் எண்ணம்.

செய்யுள் எழுதுவதைத்தான் அவர் விட்டாரேயன்றிப் பார்ப்பதை விடவில்லை. அக்காலத்து நாட்குறிப்புகளில் மேகங்களும் அலைகளும் ஓக் மரத்து இலைகளும் காட்டு நீலமலர்களும் அளந்து பார்த்தாற்போல் எழுதப்பட்டுள்ளன. தவக்காலத்தில் பருகத் தந்த சாக்லேட் பானத்தின்மேல் ஆவி எழும் வகையையும் அவர் உற்றுநோக்கிக் குறித்துள்ளார். மழை விட்டபின் பாதையில் குந்தியமர்ந்து நனைந்த மணலை வெறித்துப் பார்க்கும் விசித்திர மனிதர் என்று அவரை அங்கிருந்த முதியவர் ஒருவர் நினைவுகூர்ந்ததாகச் சொல்வர். 1872இல், ஸ்டோனிஹர்ஸ்டில் மெய்யியல் பயின்றபோது, பிரான்சிஸ்கன் இறையியலாளர் தன்ஸ் ஸ்கோத்துவின் நூல் அவர் கைக்குக் கிட்டியது. ஒவ்வொரு பொருளையும் அதுவே ஆக்கும் தனித்தன்மை ஒன்று உண்டு என்பது ஸ்கோத்துவின் கொள்கை. ஓர் இலையை இவ்வளவு கூர்ந்து நோக்குவது துறவிக்குத் தகுமோ என்று தயங்கிய உள்ளத்துக்கு, அந்நோக்கும் இறைவனிடமே இட்டுச்செல்லும் என்னும் உறுதி அங்கே கிடைத்தது. பாட்டெழுதியிருந்தால் அவர் இத்துணைப் பார்த்திருப்பாரோ, ஐயமே.

1874இல் இறையியல் கற்க வேல்சு நாட்டிலுள்ள புனித பியூனோ குருமடத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே வேல்சு மொழியையும் கற்றார். அம்மொழிச் செய்யுளில், அடியின் முற்பகுதியில் வந்த மெய்யொலிகள் பிற்பகுதியிலும் அதே வரிசையில் திரும்பி வரவேண்டும் என்னும் கட்டுப்பாடு உண்டு. எதுகையும் மோனையும் செவியில் ஊறிய நமக்கு இதன் இனிமையை விளக்க வேண்டுவதில்லை. அதே சபையின் வீரமாமுனிவர் வேற்றுமொழியாளராய் வந்து நம் யாப்பில் தோய்ந்ததையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

1875 டிசம்பரில் 'டாய்ச்லாந்து' என்னும் கப்பல் தேம்ஸ் முகத்துவாரத்துக்கு அப்பால் மணல்திட்டில் மோதிச் சிதைந்தது. ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் ஐவர், பிரஷ்ய அரசின் திருச்சபை எதிர்ப்புச் சட்டங்களால் நாடிழந்து அமெரிக்கா நோக்கிச் சென்ற பிரான்சிஸ்கன் கன்னியர். செய்தித்தாளில் இதைப் படித்து ஹாப்கின்ஸ் மனமுருகினார். அதைக் கேட்ட குருமட அதிபர், இதுபற்றி யாரேனும் ஒரு கவிதை எழுதினால் நன்றாயிருக்கும் என்றார். போகிற போக்கில் சொன்ன வார்த்தைதான். ஆனால் ஏழாண்டுகளாகக் காத்திருந்தவருக்கு அது போதுமானதாயிற்று. 35 பத்திகளில் அவர் எழுதிய நெடும்பாட்டு, அசைகளை எண்ணாமல் அழுத்தங்களை எண்ணி நடக்கும் புதிய சந்தத்தில் அமைந்தது. அச்சந்தம் நெடுநாளாகத் தம் செவியில் ஒலித்துக்கொண்டிருந்தது என்று பின்னர் அவரே நண்பருக்கு எழுதினார். மௌனம் எதைக் கொன்றது, எதை வளர்த்தது என்பதற்கு இதைவிட நேரான சாட்சியம் வேண்டுமோ?

அவருடைய சபையே நடத்திய இதழ் அப்பாட்டை வெளியிடவில்லை. பத்திரிகைப் பணியின் நெருக்கடிகளை நாம் அறியாதவர்களல்லோம். எனினும் இது வருத்தத்துக்குரியதே. ஆயினும் கதவு திறந்துவிட்டது. 1877 செப்டம்பரில் குருப்பட்டம் பெறுமுன் அவ்வோராண்டிலேயே வல்லூறு பற்றியும் புள்ளியிட்ட படைப்புகள் பற்றியும் இறைமாட்சி பற்றியும் அவர் எழுதிய பாடல்கள், இன்று ஆங்கிலம் பயிலும் மாணவர் எவர்க்கும் தெரிந்தவை.

அதன்பின் பங்குப்பணி. லிவர்பூலின் புகையும் வறுமையும் தம்மைச் சோர்வுறச் செய்ததாக அவர் எழுதியிருக்கிறார். எனினும் குதிரைகளுக்கு லாடம் அடிக்கும் பங்குமகன் ஒருவர் நோயுற்று இறந்தபோது, நோயில் பூசுதலும் நற்கருணையும் அளித்த குருவின் நெஞ்சிலிருந்து 1880இல் எழுந்த பாட்டு உண்டு. மறைக்கல்வி, பதிவேடு, சங்கக் கணக்கு, கல்லறைத் தகராறு என நாளெல்லாம் அலையும் பங்குத்தந்தையர்க்கு அப்பாட்டு அணுக்கமானது.

1884இல் டப்ளினுக்குச் சென்றார். கிரேக்க, இலத்தீன் மொழிகளின் பேராசிரியர் பதவி. ஆண்டுதோறும் திருத்த வேண்டிய விடைத்தாள்களோ நூற்றுக்கணக்கில். கண் வலித்தது, உறக்கம் கெட்டது. தொடங்கிய நூல்கள் முடிவுறாது நின்றன. 1885ஐ ஒட்டி இருள் சூழ்ந்த சில பாடல்கள் பிறந்தன. இறைவனோடு வழக்காடும் யோபுவின் குரல் அவற்றில் கேட்கிறது. 1889ஆம் ஆண்டு தொடக்கத்தில் துல்லபெக்கில் தியானம் செய்தபோது அவர் எழுதிய குறிப்புகள், தம் வாழ்வு பயனற்றுப் போனதோ என்னும் வேதனையால் நிறைந்தவை.

ரோஹாம்ப்டனிலும் கவிதை இல்லை. டப்ளினிலும் பெரும்பாலான நாள்களில் கவிதை இல்லை. இரண்டையும் ஒன்றாக எண்ணுவோர் உளர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. முன்னது அவரே காணிக்கையாக வைத்தது. அதில் செபமும் நடையும் வானத்தைப் பார்க்க நேரமும் இருந்தன. பின்னது எவரும் காணிக்கையாக வைக்காமல், விடைத்தாள் கட்டுகள் தின்று தீர்த்த காலம். ஒதுங்கியிருத்தல் வேறு, ஒழிவின்மை வேறு. ஆண்டுத் தியானம் முடிந்து திரும்பும் குருவிடம் "விடுமுறை எப்படி இருந்தது சாமி?" என்று அன்போடு கேட்கும் நம் மக்களும், ஓய்வின்றி உழைப்பதையே புண்ணியமாக எண்ணும் நம் குருக்களும் இவ்வேறுபாட்டைச் சற்று எண்ணிப் பார்ப்பது நலம்.

1889 ஜூன் 8ஆம் நாள் டைபாய்டு காய்ச்சலால் 44ஆம் வயதில் ஹாப்கின்ஸ் இறைவனடி சேர்ந்தார். அவர் பாடல்களை வைத்திருந்தவர் கத்தோலிக்கரல்லாத நண்பர், கவிஞர் ராபர்ட் பிரிட்ஜஸ். 1918இல்தான் அவற்றை நூலாக்கினார். 750 படிகள், விற்றுத் தீரப் பத்தாண்டுகள் ஆயின. நூல் ஹாப்கின்ஸின் தாயாருக்கு உரிமையாக்கப்பட்டது. 1866இல் மகன் கத்தோலிக்கரானது கேட்டுத் துயருற்ற ஆங்கிலிக்கன் தாய் அவர். தொண்ணூறு வயதைக் கடந்து உயிரோடிருந்து அந்நூலைப் பெற்றுக்கொண்டார்.