பி0720: கியர்பாக்ஸ் வெளியீட்டு வேக சென்சார் பிழைக்குறி

பி0720 என்பது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் வெளியீட்டுத் தண்டு சுழலும் வேகத்தை அளக்கும் சென்சாரின் மின்சுற்றில் கோளாறு இருப்பதைத் தெரிவிக்கும் பிழைக்குறி. அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து கட்டாயமான ஓபிடி-2 என்னும் வாகனக் கோளாறு கண்டறியும் முறையைச் சேர்ந்தது. இதில் ‘பி’ எஞ்சின், கியர்பாக்ஸ் தொகுதியைக் குறிக்கும். 0 என்றால் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறி. 7 கியர்பாக்ஸுக்கு உரியது.

வெளியீட்டு வேகம் தெரியாவிட்டால் எப்போது கியர் மாற்றுவது என்று கியர்பாக்ஸைக் கட்டுப்படுத்தும் கணினியால் முடிவு செய்ய முடியாது. கியர் இடித்துக்கொண்டு விழும். சில மாடல்களில் ஸ்பீடோமீட்டர் முள் அசையாது. கியர்பாக்ஸைக் காப்பதற்காக வண்டி ஒரே கியரில், பெரும்பாலும் இரண்டிலோ மூன்றிலோ, நிலைத்துவிடுவதும் உண்டு.

குறியைப் படித்ததும் சென்சாரை மாற்றிவிடுவது பரவலான வழக்கம்; தவறான வழக்கமும்கூட. குறி சுட்டுவது மின்சுற்றை. சென்சார் அதில் ஒரு பகுதி மட்டுமே. வயர் அறுந்திருக்கலாம், கனெக்டருக்குள் கியர் ஆயில் கசிந்திருக்கலாம், அதன் பின்களில் பச்சைத் துரு பூத்திருக்கலாம். வாடிக்கையாளரின் பணத்தை மதிக்கும் மெக்கானிக் முதலில் ஸ்கேனரைப் பொருத்தி, ஓடும் வண்டியில் வெளியீட்டு வேகத்தைக் கவனிப்பார். ஏபிஎஸ் காட்டும் சக்கர வேகம் சரியாக இருந்து, வெளியீட்டு வேகம் மட்டும் பூஜ்யமாகவோ விட்டுவிட்டோ வந்தால், தேட வேண்டிய இடம் சுருங்கிவிடும். அதன்பின் கனெக்டரைக் கழற்றிப் பார்த்து, வயரை அசைத்தபடியே அளவு துள்ளுகிறதா என்று சோதிப்பார்.

இரண்டு வயர் கொண்ட காந்தச் சுருள் சென்சார் என்றால் மல்டிமீட்டரில் மின்தடையை அளக்கலாம். சரியான அளவு அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். சக்கரத்தைத் தூக்கிச் சுழலவிட்டால் மாறுமின்னழுத்தம் வேகத்தோடு ஏற வேண்டும். மூன்று வயர் கொண்ட ஹால் சென்சாரில் மின்தடையை அளந்து பயனில்லை. மின்வழங்கல், எர்த், சிக்னல் மூன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும். சென்சாரைக் கழற்றும்போது நுனிக் காந்தத்தில் இரும்புத் துகள் அப்பியிருந்தால் துடைத்துவிட்டு நிறுத்திக்கொள்ளக் கூடாது. துகள் அதிகமென்றால் கியர்பாக்ஸே தேய்கிறது.

பழுதுநீக்கியபின் குறியை அழித்து, எல்லாக் கியர்களும் விழும்படி ஓட்டிப் பார்ப்பார்கள். சூடான பிறகு மட்டும் குறி திரும்பினால், சென்சாரைச் சூடாக இருக்கும்போதே அளக்க வேண்டும்: குளிரில் சரியாக இருக்கும் சுருள், சூட்டில் விரிந்து தொடர்பு அறுவதுண்டு.