மூலிகையும் ஈரலும்: அனுபவ அறிவின் எல்லை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

நாட்டு மூலிகைகள் தீங்கற்றவை என்பதற்கு வழக்கமாகக் காட்டப்படும் சான்று அவற்றின் தொன்மையாகும். பல நூற்றாண்டுகளாக மக்கள் அருந்தி வந்த ஒன்று நஞ்சாயிருப்பின் அது தெரியவந்திராதா என்று கேட்கப்படுகின்றது. இவ்வினாவை மூடநம்பிக்கையென ஒதுக்கிவிடல் முறையன்று. உண்டவர் அன்றே வாந்தியெடுப்பின், மறுநாள் இறப்பின், எந்தக் கிராமத்து வைத்தியரும் காரணத்தைக் கண்டுகொள்வர். யாழ்ப்பாணத்து அரசர் காலத்தனவாகக் கருதப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய வைத்திய நூல்கள் இவ்வாறு திரண்ட அவதானங்களின் களஞ்சியங்களே. ஆயின் குடித்த குடிநீருக்கும் வந்த நோய்க்குமிடையே மாதங்கள் கழியுமாயின், அனுபவம் அவ்விரண்டையும் இணைத்துக் காணமாட்டாது. ஈரலை மெல்லமெல்லக் கெடுக்கும் தாவர நஞ்சுகளின் வரலாறு இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டுகின்றது.

இந்நஞ்சுகளுள் நன்கு ஆராயப்பட்டவை பிரோலிசிடின் அற்கலோயிட்டுகள். செனேசியோ, ஹீலியோதிரோப்பியம், கிலுகிலுப்பை ஆகிய இனங்களைச் சேர்ந்த செடிகள் பலவற்றில் இவை உள்ளன. (முற்றிய காய்க்குள் விதைகள் குலுங்கும் ஒலியே கிலுகிலுப்பைக்குப் பெயராயிற்று, குழந்தையின் விளையாட்டுப் பொருளும் இச்செடியும் ஒரே பெயர் பூண்டமை தற்செயலன்று.)

இச்செடிகளை முதலில் பரிசோதிக்கத் தூண்டியது எது? மனித நோயன்று. கனடாவின் நோவா ஸ்கோசியா மாகாணத்திற் 'பிக்ரோ நோய்' எனப்பட்ட ஈரல் நோயால் கன்றுகாலிகள் மடிந்தன. மேய்ச்சல் நிலத்திற் பரவிய செனேசியோவே அதன் காரணம் என்பதை, அச்செடியை மாடுகளுக்கு ஊட்டிப் பார்த்து, 1906ஆம் ஆண்டளவில் பெதிக் என்பார் நிறுவினார். மாடு சொத்து, சொத்தின் இழப்பு கணக்கிற் பதிவாகும். மக்களின் இறப்பு அத்துணை விரைவாகக் கணக்கில் ஏறவில்லை. தென்னாபிரிக்காவில் செனேசியோ கலந்த கோதுமை ரொட்டியை உண்டு ஈரல் நோயுற்ற வறியோர் பற்றிய மருத்துவ அறிக்கை 1920இலேயே வெளியாயிற்று. மேற்கிந்தியத் தீவுகளின் குழந்தைகள் மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது.

யமேக்காவின் வறிய குடும்பங்களிற் பிள்ளைக்குச் சுகமில்லையெனில் செடிகொடிகளை அவித்த குடிநீர் கொடுத்தல் வழக்கம். 'புஷ் ரீ' என்பது அதன் பெயர். வயிறு வீங்கி, ஈரல் பருத்து வந்த குழந்தைகளின் நோயைப் பிராஸ், ஜெலிஃப், ஸ்ருவேட் ஆகியோர் 1954இல் விவரித்தனர். ஈரலினுள் இருக்கும் நுண்ணிய நாளங்கள் அடைபட்டுக் குருதி வெளியேற வழியின்றித் தேங்குவதே நோயின் இயல்பு. தாவரமே இதன் காரணி என்பதை 1957இல் பிராஸும் பிறரும் எடுத்துக்காட்டினர். அக்குடிநீரை ஊட்டிய தாயை அறியாமைக்காகக் கடிந்துகொள்வது எளிது. மருத்துவரை நாட இயலாதவள் தன் கைக்கெட்டிய மருந்தைக் கொடுத்தாள் என்பதே உண்மை.

ஆய்வுகூட எலியின் வழியாக அறியப்பட்ட செய்தியொன்று வியப்புக்குரியது. அற்கலோயிட்டு தன்னளவில் அத்துணைக் கொடியதன்று. நஞ்சை முறிக்கவென அமைந்த ஈரலின் நொதியங்களே அதனைக் கொடிய பொருளாக மாற்றுகின்றன. அப்பொருள் தான் பிறந்த இடத்துக் கலங்களையே முதலில் தாக்குகின்றது. 1968இல் மற்றொக்ஸ் வெளியிட்ட ஆய்வு இவ்விளக்கத்திற்கு அடிகோலியது. நொதியங்கள் விலங்குக்கு விலங்கு வேறுபடுவதால் நச்சுத்தன்மையும் வேறுபடும். எலி எளிதில் மடியும். கினிப்பன்றியோ இவற்றுட் பலவற்றைத் தாங்கும். கினிப்பன்றியை மட்டும் நம்பியிருப்பின் இச்செடிகளுட் சில தீங்கற்றவை எனச் சான்றிதழ் பெற்றிருக்கும். தவிரவும், ஆய்வுகூட எலி அளவான உணவு பெறும் எலி. வறுமையில் மெலிந்த குழந்தைக்கு அது எவ்வளவு தூரம் பிரதிநிதியாகும் என்ற வினா எஞ்சவே செய்கின்றது. 1970களின் நடுப்பகுதியில் ஆப்கானிஸ்தானின் வடமேற்கில், ஈராண்டு வரட்சியின் பின், கோதுமையிற் கலந்த ஹீலியோதிரோப்பிய விதையால் ஈரல் நோய் பரவியது. பரிசோதிக்கப்பட்ட ஏறத்தாழ 7,200 பேரில் 22.6 சதவீதத்தினரிடம் அதன் அறிகுறி காணப்பட்டது. அங்கு நஞ்சும் பஞ்சமும் ஒரே வாயில் வழியாகவே நுழைந்தன.

நம் நாட்டில் இத்துறையிற் குறிப்பிடத்தக்க பணி பேராதனையில் நிகழ்ந்தது. அர்சகுலரத்ன, குணதிலக்க, பானபொக்க ஆகிய மூவரும் இலங்கையின் மருந்துச் செடிகளைப் பரிசோதித்து 1981இல் முடிவுகளை வெளியிட்டனர். கிலுகிலுப்பை வகையொன்று, குடசப்பாலை, ஆவரசு ஆகியவை அற்கலோயிட்டுச் சோதனையில் அகப்பட்டன. அவற்றை உண்ட எலிகளின் ஈரலில் நடுநாளங்கள் சிதைந்திருந்தன. குருதித் தேக்கமும் கல இறப்பும் காணப்பட்டன. ஆசிய, ஆபிரிக்க நாடுகளில் மிகுந்து காணப்படும் ஈரல் நோய்களில் இத்தகைய மூலிகைகளுக்கும் பங்கிருக்கலாம் என்பது அவர்கள் முன்வைத்த கருத்து. கருத்தே, தீர்ப்பன்று. எனினும் ஆவரசம்பூவை அவித்துக் குடிப்பது சிங்கள, தமிழ் மக்கள் இருசாராருக்கும் பழக்கமானதாகையால் இது புறக்கணிக்கத்தக்கதன்று.

இத்தகைய ஆய்வைச் சுதேச வைத்தியத்தின் மீதான தாக்குதலாகக் கொள்வோர் உளர். அவர்கள் மரபைக் காப்பதாக எண்ணி, மரபு தானே காணமுடியாதிருந்த ஒன்றைக் காண மறுக்கின்றனர். காலனித்துவ மருத்துவத்தின் இறுமாப்பைக் கண்டிப்பது வேறு. எலியின் ஈரலிற் கண்டதை மறைப்பது வேறு. மறுபுறத்தில் இன்று ஆய்வேடுகளில் 'ஈரலைக் காக்கும்' மூலிகைகள் பற்றிய கட்டுரைகள் மலிந்துள்ளன. காபன் நாற்குளோரைட்டால் எலியின் ஈரலைக் கெடுத்து, பின் சாற்றால் அது தேறுவதைக் காட்டுவதே அவற்றின் பொது முறை. அதே சாற்றை நலமான எலிக்குத் தொண்ணூறு நாள் கொடுத்தால் யாது நேரும் என்ற கேள்விக்கு அம்முறை விடை தராது. காக்கும் மருந்துக்குச் சந்தையுண்டு. கெடுக்கும் மருந்தைக் கண்டறிவதற்கு முதலிடுவோர் அரியர்.

பேராதனைக் கட்டுரை வெளிநாட்டு ஆய்வேடொன்றில் ஆங்கிலத்தில் வெளியானது. அது எழுதப்பட்ட வளாகத்திலிருந்து சில கல் தொலைவிலேயே அம்மூலிகைகளை விற்போரும் வாங்குவோரும் இருந்தனர். அதன் முடிவுகளை அவர்களின் மொழிகளில் எடுத்துரைத்த கட்டுரை எதனையும் நான் இதுவரை கண்டிலேன்.