கலிபோர்னியாவின் வைத்தியக் கவனயீனச் சட்டம்: நட்டஈட்டு எல்லையின் அரசியற் பின்னணி

வைத்தியரின் கவனயீனத்தாற் கேடுற்ற நோயாளிக்குரிய நட்டஈட்டை நீதிமன்றமே தீர்மானிக்கின்றது என்பது பொதுவான எண்ணம். 1975இற் கலிபோர்னியாவில் இயற்றப்பட்ட வைத்தியக் காயங்களுக்கான நட்டஈட்டுச் சீர்திருத்தச் சட்டத்தை ஆராயுமிடத்து, வழக்கு மன்றுக்கு வருமுன்னரே அத்தொகைக்கு எல்லை வகுத்தவை அரசியற் சக்திகள் என்பதைக் காண்கிறோம்.

அவ்வாண்டு வட கலிபோர்னிய வைத்தியர் செலுத்தவேண்டிய காப்புறுதிக் கட்டுப்பணம் பன்மடங்கு உயர்ந்தது. மே மாதத்தில் சான் பிரான்சிஸ்கோப் பகுதி மயக்கமருந்து நிபுணர்கள் பணியிலிருந்து விலகினர். அவசரமற்ற சத்திரசிகிச்சைகள் தடைப்பட்டன. ஆளுநர் ஜெரி பிரவுண் சட்டசபையின் விசேட கூட்டத்தொடரைக் கூட்டினார்; செப்டெம்பரிற் சட்டம் கையொப்பமாயிற்று. ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்குச் சட்டசபைகள் இத்துணை விரைவிற் செவிசாய்ப்பது அரிது.

வழக்குகள் பெருகியமையே நெருக்கடிக்குக் காரணமெனக் காப்புறுதியாளர் கூறினர். வழக்குகள் பெருகியது உண்மையே. ஆனால், கட்டுப்பணத்தை முதலீடு செய்து வருவாய் ஈட்டும் இந்நிறுவனங்களை 1973–74 பங்குச்சந்தை வீழ்ச்சியும் தாக்கியிருந்தது. சந்தையின் நட்டத்துக்குச் சட்டசபையால் எல்லை விதிக்க இயலவில்லை. நோயாளியின் நட்டஈட்டுக்கு விதிக்க முடிந்தது. இதைச் செய்தவர் பழைமைவாதிகள் அல்லர் என்பதும் கவனிக்கத்தக்கது: ஆளுநரும் சட்டசபைப் பெரும்பான்மையும் ஜனநாயகக் கட்சியினரே.

இழந்த ஊதியத்துக்கும் சிகிச்சைச் செலவுக்கும் எல்லை இடப்படவில்லை. வேதனை, அங்கவீனம் போன்ற பணத்தால் அளவிடவொண்ணா இழப்புகளுக்கு மட்டும் 2,50,000 டொலர் உச்சமாயிற்று. பார்வைக்கு நியாயமான இப்பிரிவினை, ஊதியமற்ற குழந்தையையும் இல்லத்தரசியையும் முதியவரையுமே கடுமையாகத் தாக்கியது. இத்தகையோரின் வழக்கில் ஊதிய இழப்பு சொற்பம். சட்டத்தரணியின் பங்கையும் அதே சட்டம் குறைத்திருந்தமையால், வழக்கை ஏற்பாரும் அருகினர்.

1985இல் மாநில உயர் நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையால் இவ்வெல்லையை ஏற்றது. பணவீக்கத்துக்கேற்ப உயர ஏற்பாடின்மையால் அதன் மெய்ப்பெறுமதி ஆண்டுதோறும் தேய்ந்தது. அதனை உயர்த்தும் யோசனையை 2014இல் வாக்காளர் நிராகரித்தனர். வைத்தியருக்குப் போதைப்பொருட் பரிசோதனை நடத்தும் விதியும் அதே யோசனையுடன் பிணைக்கப்பட்டிருந்தது.

2022இல் இன்னொரு வாக்கெடுப்பு நெருங்கியபோதுதான் இரு தரப்பும் இணங்கின. 2023 முதல் உச்சம் காயத்துக்கு 3,50,000 டொலராகவும் மரணத்துக்கு 5,00,000 டொலராகவும் உயர்ந்தது. பத்தாண்டுகளில் அவை முறையே 7,50,000, 10,00,000 டொலரை எட்டும். 2022 முடியுமுன் வழக்கிட்டோருக்கு 1975இன் தொகையே உச்சம்.