சிற்றிற் பருவமும் குழவியின் உள்ள வளர்ச்சியும்

பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களையும் குழவியின் உடல்வளர்ச்சிப் படிகளாகக் காண்பது பெருவழக்கு. ஐந்தாந் திங்களிற் செங்கீரை, ஒன்பதிற் சப்பாணி, பதின்மூன்றில் வாரானை என்னும் வரிசை அதற்கு இடந்தருகின்றது. ஆயின், உள்ள வளர்ச்சியை நோக்குவார்க்குப் பதினேழாந் திங்கட்குரிய சிற்றிலே சிறந்த சான்று என்பது எம் துணிபு.

அதற்கு முன்னர்க் குழவி எது செய்யினும் உவப்பாரே அதனைச் சூழ்ந்துளர். அம்புலி வாராதபோதும் குழவிக்காக அதனை இரந்தும் வெருட்டியும் அழைப்போர் பெரியோரே. சிற்றிலிலோ பேசுவோர் மாறுகின்றனர். மணல்வீடு இழைத்த சிறுமியர், அதனை அழியாதிருக்குமாறு குழவியையே நேர்நின்று வேண்டுகின்றனர். தன் செயல் பிறர்க்கு வருத்தமாதலைக் குழவி எதிர்கொள்ளும் முதலிடம் இதுவே. இதுகொண்டு, இன்றைய உளவியலார் கண்டன யாவும் புலவர் முன்னரே கண்டனர் என்பது மிகை.

சிறுமியரின் இக்குரல் வந்த வழி யாது? பெரியாழ்வார் யசோதை நிலையில் நின்று தாலாட்டும் அம்புலியும் சப்பாணியும் பாடினார். அயலார் முறையீடும் அவர் பாட்டில் உண்டு. எனினும் அது தாயிடம் சொல்லப்படுவது. சிற்றில் வேண்டுகோளைச் சிறுமியர் கூற்றாகவே பாடியவர் அவர் மகளார் ஆண்டாள். நாச்சியார் திருமொழியின் இரண்டாந் திருமொழி அது. (ஆண்டுக் காதற்குறிப்பு விரவியிருத்தல் உண்மையே.) இவ்விரு குரலும் ஒரு நூலுள் அமைதலை 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தரின் குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழிற் காண்கின்றோம்.

17-ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் பாடிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்கள் அம்மானை, நீராடல், ஊசல் என்பன. பெண்மகவுக்குச் சிற்றில் கூறப்படுமிடத்தும் அஃது இழைத்தலே, சிதைத்தலன்று. சிதைக்கவே இடம்பெறாத மகவை எவரும் தடுப்பதுமில்லை. இது குழவியின் இயல்பன்று. நூல் செய்தார் கால வழக்கு.