முன்தோல் பின்னிறுக்கம்

ஆண்குறியின் மொட்டை மூடியிருக்கும் முன்தோல், பின்னுக்குத் தள்ளப்பட்ட பிறகு மொட்டின் விளிம்புக்கு அடுத்த பள்ளத்தில் வளையமாக இறுகி, மீண்டும் முன்னே வர இயலாமல் நின்றுவிடும் அவசர ஸ்திதியே முன்தோல் பின்னிறுக்கம் எனப்படும். மருத்துவர்கள் இதனைப் பாராஃபைமோசிஸ் என்பர். தோல் பின்னே செல்லவே மறுக்கும் முன்தோல் குறுக்கம் வேறு, இது வேறு. அது பெரும்பாலும் மாதக்கணக்கில் பொறுக்கும், இது மணிக்கணக்கில் முற்றும்.

வளையம் முதலில் நெரிப்பது மெல்லிய சுவருள்ள சிரைகளையும் நிணநாளங்களையுமே. உட்செல்லும் ரத்தம் சென்றுகொண்டிருக்க, வெளியேறும் வழி மட்டும் அடைபடுவதால் மொட்டும் தோலும் வீங்குகின்றன. அவ்வீக்கம் வளையத்தை மேலும் இறுக்க, முடிவில் தமனி ரத்தமும் தடைப்பட்டுத் திசு அழியத் தொடங்குகிறது.

குளித்தபின்னரோ உடலுறவுக்குப் பின்னரோ தோலை முன்னிழுத்துவிட மறப்பது சாதாரணக் காரணம். ஆயினும் பிறர் கையால் நேர்வனவும் குறைவல்ல: சிறுநீர்க் குழாய் செருகியவர் தோலைப் பின்னுக்குத் தள்ளியவாறே விட்டுவிட, வலியைச் சொல்லும் சக்தியற்ற முதியவர் அப்படியே கிடப்பதுண்டு. குழாயுடன் வீடு திரும்பியவரைப் பராமரிப்போர் துடைத்துவிடும் ஒவ்வொரு முறையும் தோல் முன்னே வந்திருக்கிறதா என்று கவனித்தல் வேண்டும். சிசுக்களின் முன்தோல் மொட்டுடன் ஒட்டியிருப்பது இயற்கையே என்பதை டக்ளஸ் கெய்ர்ட்னர் என்ற பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர் 1949இலேயே விளக்கியிருந்தும், குளிப்பாட்டும்போது அதை வலிந்து தள்ளும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. நீரிழிவு உடையோருக்குத் தோல் அடிக்கடி வெடித்துத் தழும்பேறிக் குறுகுவதால் அபாயம் மிகுகிறது.

இந்நோய் புதிதன்று. சுசுருத சம்ஹிதை இதனைப் பரிவர்த்திகை என்று வருணித்து, நெய் தடவி, ஒற்றடமிட்டு, மூன்று அல்லது ஐந்து இரவுகள் கட்டுப்போட்டு, பின்னர் மொட்டை அழுத்தித் தோலை மெல்ல முன்கொணரும் உபாயத்தைக் கூறுகிறது. கையின் செய்கை இன்றைக்கும் ஏறத்தாழ அதுவே. இரவுகளை எண்ணிக் காத்திருப்பது மட்டும் இன்று எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று.

முதலுதவி செய்வோர், நூலோ மயிரோ மோதிரமோ சுற்றியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். மொட்டின் நிறம் மாறாமலிருந்தால், துணியில் சுற்றிய பனிக்கட்டியைச் சில நிமிஷங்கள் வைத்து, பிறகு வீங்கிய பகுதியை உள்ளங்கையால் ஐந்து நிமிஷம்வரை விடாமல் ஒரே சீராக அழுத்தி நீரை வடியச் செய்து, தேங்காய் எண்ணெய் தடவி, இரு கட்டைவிரல்களால் மொட்டைப் பின்னுக்குத் தள்ளியவாறே மற்ற விரல்களால் தோலை முன்னிழுக்கலாம். ஒரு முயற்சி பலிக்காவிடில் மறுமுயற்சி வேண்டாம், மருத்துவமனைக்குப் புறப்பட்டுவிட வேண்டும். ஊசியால் குத்துவதும், வளையத்தைக் கீறுவதும், பச்சிலை அரைத்துப் பூசுவதும் தீங்கே.

மொட்டு நீலமாகவோ கறுப்பாகவோ மாறினாலும், மரத்துப்போனாலும், சிறுநீர் தடைப்பட்டாலும், காய்ச்சல் கண்டாலும், நோயாளி குழந்தையாகவோ நீரிழிவுடையவராகவோ இருந்தாலும் வீட்டில் எதையும் முயலாமல் நேரே மருத்துவமனை சேர்தல் அவசியம். கோவையில் திருச்சி சாலையிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், ஈரோட்டுப் பக்கத்தில் பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இரவிலும் இயங்குவன. 108 ஊர்தி இலவசம். வால்பாறைத் தோட்டங்களில் இருப்போர் சங்கோசத்தால் விடியட்டும் என்று காத்திருந்தால், நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பொள்ளாச்சி இறங்கும் நேரமும் வீக்கத்தோடு சேர்ந்துகொள்ளும்; வால்பாறையிலுள்ள அரசு மருத்துவமனையிலேயே இரவோடு இரவாகக் காட்டிவிடுவது நன்று.

மருத்துவர் மரப்பு மருந்து கொடுத்துக் கையாலேயே பெரும்பாலும் சரிசெய்துவிடுவார். வீக்கம் மிகுந்திருந்தால் சர்க்கரையைப் பொதிந்து நீரை உறிஞ்சச் செய்யும் முறையும் உண்டு. கொங்கு நாட்டார் அஸ்கா என்றழைக்கும் வெள்ளைச் சர்க்கரையே இதற்கு உரியது, கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை அன்று. இரண்டொரு மணி நேரம் பிடிக்குமாதலால் இதை வீட்டில் செய்து காலங்கடத்தலாகாது. இவை பலியாதபோது வீங்கிய தோலில் நுண்ணிய துளைகளிட்டு நீரை வடிப்பர், அல்லது வளையத்தை மேற்புறத்தில் கீறி விடுவிப்பர்.

தோல் முன்வந்தபின் சில நாட்களுக்கு அதைப் பின்னிழுக்கக் கூடாது. தோல் குறுகியிருந்தாலோ மறுபடி இறுகினாலோ, வீக்கம் முற்றும் தணிந்தபின் சுன்னத்து அறுவையைப் பற்றி ஆலோசிப்பர். நடுவயது கடந்தவராயின் ரத்தத்தில் சர்க்கரையின் அளவையும் அப்போதே சோதித்துவிடுவது வழக்கம். வலிந்து தள்ளியதால் மட்டும் அவதியுற்ற சிறுவனுக்கோ பெரும்பாலும் வேறு சிகிச்சை எதுவும் வேண்டியிராது.